அம்மாவின் போனுக்கு நீ போட்ட பூட்டு

அடி அண்ணாமலை
வியாழக்கிழமை

அன்புள்ள செழியனுக்கு அம்மா எழுதுவது. அண்ணாமலையார் தயவில் நானும் அப்பாவும் நடமாடிக்கொண்டிருக்கிறோம், புனேவில் நீ வேளைக்குச் சாப்பிட்டு உடம்பைப் பார்த்துக்கொண்டால் எங்களுக்கு அதுவே போதும். அப்பாவுக்கு முட்டிவலி ஜாஸ்தி, இட்லிக் கடைக்கு மாவரைப்பது முதல் எல்லாம் இப்போது நான்தான். போனில் பேசினால் நீ ஒன்று சொல்ல நான் ஒன்று சொல்லச் சண்டையாகிவிடுகிறது, அதனால்தான் காகிதத்தில் எழுதுகிறேன், முழுக்கப் படி.

மாசி மாதம் கல்யாணப் பத்திரிகை என்று போனில் வந்ததை நான் தொட்டதும், அது கேட்டதற்கெல்லாம் சரி சரி என்று அழுத்தியதும் என் தப்புதான். என் பணம் போனதுகூட ஆறிவிட்டது. என் நம்பரிலிருந்தே அது எல்லோருக்கும் போய், அக்கா அனுப்பியதுதானே என்று பக்கத்துப் பூக்கடை ஆராயி திறந்து, மகள் சிந்துஜாவின் காலேஜ் பீஸுக்கு வைத்திருந்ததை இழந்தாளே, அதுதான் ஆறவில்லை. நீ லீவில் வந்து, உன்னைக் கேட்காமல் எந்த ஆப்பும் ஏறாதபடி பூட்டுப் போட்டபோது நான் வாய் திறக்காததும் அதனால்தான்.

இப்போது அந்தச் சிந்துஜாவே கிரிவலப் பாதைக் கடைக்காரர்களுக்காக ஒரு ஆப் செய்திருக்கிறாள், பௌர்ணமிக்கு வருகிற வேன்காரர்கள் இட்லி, பூ எல்லாம் அதில் முன்கூட்டியே சொல்லிவிடலாம். பிளே ஸ்டோரில் இன்னும் வரவில்லை, அவள் அனுப்பும் லிங்கில்தான் ஏற்ற வேண்டும். எல்லாக் கடைப் போனிலும் ஏறியது, என் போனில் மட்டும் அனுமதியில்லை என்று வந்தது. பெண்ணுக்கு முகம் சுருங்கிவிட்டது, "எம்மேல நம்பிக்கை இல்லியா பெரிம்மா"னு கேட்டாள். அவள் அம்மா என்னை நம்பித்தானே கெட்டாள். உனக்கு மூன்று நாள் போன் செய்தேன், வேலை முடிந்து பார்க்கிறேன் என்றாய், அதற்குள் பௌர்ணமி வந்துவிட்டது. பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒரு போன் கடையில், "பத்து நிமிஷம்மா, பூட்ட எடுத்துத் தரேன்"னு சொன்னார்கள், கையில் கொடுத்தும்விட்டேன், பிறகு பயம் வந்து பிடுங்காத குறையாக வாங்கிக்கொண்டு வந்தேன்.

பௌர்ணமியன்று என் ஆர்டரையும் ஆராயிதான் தன் போனில் வாங்கினாள். கட்டுகிற பூவை வைத்துவிட்டு எழுந்து எழுந்து வந்து, "அக்கா, நாப்பது பேருக்கு இட்லியாம்"னு சொல்லிவிட்டுப் போனாள். ஒரு வார்த்தை குத்திக் காட்டவில்லை. எனக்குத்தான் சட்னி அரைக்கக் கை ஓடவில்லை.

பூட்டை எடு என்று நான் கேட்கவில்லை செழியா. அசதியில் மறுபடி எதையாவது அழுத்திவிடுவேனோ என்று எனக்கே பயம் இருக்கிறது. ஆனால் சாவி உன்னிடம் மட்டும் இருப்பது சரியில்லை. யார் அனுப்பினாலும் அவர்களை நேரில் கேட்காமல் ஏற்றமாட்டேன், என் மெசேஜைப் படிக்கட்டுமா என்று எந்த ஆப் கேட்டாலும் தொடவேமாட்டேன். சிந்துஜாவிடமும் அப்படித்தான் கேட்டேன், தன் ஆப் எதையும் படிக்காது என்று உட்கார்ந்து காட்டினாள். இருபத்திரண்டு வருஷமாகக் கடை நடத்துகிறேன், கள்ள நோட்டு வாங்கி ஏமாந்ததும் உண்டு, அதற்காகக் கல்லாவை யாரும் என்னிடமிருந்து எடுத்துக்கொண்டதில்லை.

அப்பா உன்னை விசாரித்ததாக எழுதச் சொன்னார். ஒரு குறையுமில்லாமல் நீ நன்றாக இருக்க வேண்டும். அடுத்த பௌர்ணமிக்குள் பாஸ்வேர்டைச் சொல்லிவிடு, மெசேஜில் அனுப்பாதே, கூப்பிட்டு என் காதில் சொல்.

இப்படிக்கு,
உன் அம்மா
கன்னியம்மாள்