கப்பல் ஓட்டலில் எலுமிச்சம்பழ ஜூஸ்

17-1-75, வெள்ளி

உப்புப் பாத்திகளில் நின்ற மழைத் தண்ணீரை முக்கால்வாசி வெளியே விட்டாயிற்று. அடுத்த வாரம் தரை இறுக மிதிக்க ஆள் விட வேண்டும்.

மாலையில் அக்கா கூப்பிட்டு அனுப்பினாள். பொங்கல் முடிந்த கையோடு கூப்பிடுகிறாளே, அந்தப் பேச்சாக இருக்குமோ என்று சட்டை மாற்றிக்கொண்டு போனேன். அவள் மகள் அருக்காணிக்கு இருபத்தொன்று ஆகிறது. நான் தாய்மாமன், முறைக்காரன். அக்கா புருஷன் இறந்த பிறகு அந்த வீட்டு நல்லது கெட்டதுக்கு நான்தான் ஆண்பிள்ளை. அதனாலேயே பெண்ணை நானாகக் கேட்க முடியவில்லை. அக்கா வாய் திறக்கட்டும் என்று இரண்டு வருஷமாகக் காத்திருக்கிறேன்.

இன்று வாய் திறந்தாள்.

“பெரிய முதலியார்சாவடிலேருந்து ஒரு எடம் வந்துக்குது தட்சணா. பையன் பேரு தெய்வசிகாமணி. பாண்டில கப்பல் ஓட்டல்ல வேலையாம். அங்க பாரும் இருக்குதாம். குடிக்கிறானான்னு நீ போயி பாத்துட்டு வா. நீ சரின்னா சரி.”

சரி என்றேன். வேறென்ன சொல்வது?

19-1-75, ஞாயிறு

பாண்டிச்சேரியில் எனக்குத் தெரிந்தது பஸ் ஸ்டாண்டும் மார்க்கெட்டும்தான். வாய்க்காலுக்குக் கிழக்கே இன்றுதான் கால் வைத்தேன். நடுவில் ஒரு சின்னப் பாலம், அந்தப் பக்கம் ஊரே வேறு. தெருக்கள் நூல் பிடித்த மாதிரி நேர். மஞ்சள் சுவர், ஆள் உயர ஜன்னல், மதிலுக்கு மேல் காகிதப்பூ. சிவப்புத் தொப்பி போட்ட போலீஸ். தெருப் பெயர்களைப் படிக்க வாய் வரவில்லை. கடற்கரை ரோட்டில் உட்கார்ந்து பார்த்தேன். இதே கடல்தான் எங்கள் ஊரிலும் இருக்கிறது. இங்கே அதைப் பார்ப்பதற்கென்று பெஞ்சு போட்டிருக்கிறார்கள்.

கப்பல் ஓட்டலைக் கண்டுபிடித்தேன். வட்ட வட்ட ஜன்னல். கீழே பார், மாடியில் சாப்பாடு. வாசலில் நின்றவன் என் வேட்டியைப் பார்த்தான். திரும்பி வந்துவிட்டேன். நாலு பாத்தி குத்தகை எடுத்தவன் ஒரு வாசற்படிக்குப் பயந்தேன். வெட்கக்கேடு.

20-1-75, திங்கள்

“எப்பிடி மாமா இருக்குது?” என்று அருக்காணி கேட்டாள். மாப்பிள்ளையை அல்ல, ஊரை. தெருமுனைக் குழாயிலேயே நல்ல தண்ணீர் வருகிறது என்றேன். “நெசமாவா? கரிக்காதா?” என்று இரண்டு தரம் கேட்டாள்.

26-1-75, ஞாயிறு

குடியரசு தினம். பார் எல்லாம் மூடல். எனக்கு அந்த யோசனையே வரவில்லை பார்!

வந்ததற்கு ஊரையாவது பார்ப்போம் என்று கலங்கரை விளக்கம், பூங்கா, நடுவில் இருக்கும் வெள்ளை மண்டபம் எல்லாம் சுற்றினேன். இரண்டு ஓட்டலில் அறை வாடகை கூட விசாரித்தேன். எதற்கு? எனக்கே தெரியவில்லை. கடல் பார்த்த அறை ஒரு நாளைக்கு இருபத்தைந்து ரூபாயாம். காற்றுக்குத் தனிக் காசா?

ஒரு சின்ன ரெஸ்டாரண்டில் சூப்பும் ரொட்டியும் சாப்பிட்டேன். ரொட்டி முழங்கை நீளம், வெளியே கட்டை, உள்ளே பஞ்சு. நன்றாகவே இருந்தது. மேசை மேல் குப்பியில் உப்பு, மாவு மாதிரி. இதெல்லாம் ஒரு உப்பா, கல் உப்பு கொண்டா என்றேன். சர்வர் சிரித்தான். சிரிக்கட்டும்.

அருக்காணியிடம் ரொட்டியைப் பற்றிச் சொன்னேன். கண் விரியக் கேட்டுக்கொண்டிருந்தாள்.

2-2-75, ஞாயிறு

புதுச் சட்டையோடு பாருக்குள் நுழைந்தேவிட்டேன். சம்பந்தம் முடிவாகும் முன் அவர்கள் இடத்தில் கை நனைக்கக் கூடாது. ஆனால் காசு கொடுத்து ஒரு எலுமிச்சம்பழ ஜூஸ் குடித்தால் அது கணக்கில் வராது என்று எனக்கு நானே தீர்ப்புச் சொல்லிக்கொண்டேன்.

பையன் கறுப்பு, ஒல்லி. சட்டைப் பையில் பேர் எழுதிய வில்லை குத்தியிருந்தான், அடையாளம் தேட வேண்டியிருக்கவில்லை. பிரெஞ்சுப் பட்டாளத்துப் பென்ஷன் வாங்கும் சொல்தாக் கிழவர்களை “முசே, முசே” என்று தாங்குகிறான். பாட்டில்களை அடுக்குகிறான், கிளாஸ் துடைக்கிறான். ஒரு வாய் குடிக்கவில்லை. முதல் நாள்தானே, பார்ப்போம்.

9-2-75, ஞாயிறு

வேலை செய்யும் இடத்தில் குடிக்காதவன் வெளியில் குடிக்கலாம் இல்லையா? பக்கத்துத் தெருக்களில் இன்னும் நாலு பாருக்குப் போய் அவனைப் பற்றிக் கேட்டேன். ஒன்றில் மீன்தொட்டி, ஒன்றில் ரிக்கார்டு பாட்டு, ஒன்றில் நாற்காலியெல்லாம் மூங்கில். நம் பக்கம் மதுவிலக்கு வந்தபின் பாதிக் கூட்டம் நம் ஆட்கள்தான். எல்லா இடத்திலும் ஒரு ஜூஸ். வயிறு புளித்துவிட்டது. யாரும் அவனை வாடிக்கையாக அறியவில்லை.

கடைசிப் பாரிலிருந்து இறங்கும்போது எதிரே பக்கிரி. பக்கத்துப் பாத்திக்காரன்.

“ஏம்பா தட்சணா, நீயுமா!” என்று கட்டிக்கொண்டான்.

“ஜூஸ்தாம்பா குடிச்சேன்.”

“நானும் ஜூஸ்தாம்பா” என்று கண்ணடித்தான்.

16-2-75, ஞாயிறு

மறுபடி கப்பல் ஓட்டல். ஒரு கிழவர் பிரியமாக ஒரு கிளாஸ் ஊற்றி அவன் கையில் கொடுத்தார். அவன் கும்பிட்டு வாங்கினான். ஆகா, மாட்டினான் என்று நிமிர்ந்து உட்கார்ந்தேன். அவர் திரும்பிய நேரம் பார்த்து அதைச் செடித் தொட்டியில் ஊற்றிவிட்டான். பாழாய்ப் போனவன், ஒரு குறை வைக்கக் கூடாதா?

“என்னடா, எப்பிடி?” என்று அக்கா கேட்டாள். இன்னும் பார்க்கணும் என்றேன்.

இன்னும் என்னத்தைப் பார்க்க?

21-2-75, வெள்ளி

பிள்ளையார் பிடிக்கக் குரங்கானது. அவர்களும் நம் ஊரில் விசாரித்திருக்கிறார்கள். பக்கிரி வாயைத் திறந்திருக்கிறான். பெண்ணின் மாமன் வாராவாரம் பாண்டியில் பார் பாராக ஏறி இறங்குகிறானாம், குடிகார வீட்டுச் சம்பந்தம் வேண்டாமாம். தரகர் வந்து சொல்லிவிட்டுப் போனார்.

“பனமரத்தடில ஒக்காந்து பால் குடிச்சவன் கதையா பண்ணிட்டியேடா!” என்று அக்கா தெருவே கேட்கக் கத்தினாள்.

தலை குனிந்துதான் நின்றேன். ஆனால் உண்மையை எழுதுகிறேன், உள்ளுக்குள் சந்தோஷமாக இருந்தது.

22-2-75, சனி

அருக்காணி வழக்கம்போல் பாத்தி மிதிக்க வந்தாள். கூலி ஆட்கள் கஞ்சிக்குப் போனபின் என்னிடம் வந்தாள்.

“குடிச்சியா மாமா?”

“இல்ல.”

“எனக்குத் தெரியும்.”

அதற்கப்புறம் நான் சும்மா இருந்திருக்கலாம். “போனா போவுது வுடு. உள்ளூர்லயே எடம் இல்லாமயா பூடும்?” என்று ஆரம்பித்தேன்.

“வாணாம் மாமா. எவனா இருந்தாலும் சரி, உப்புக்காரன் மட்டும் வாணாம். என் காலைப் பாரு.”

பார்த்தேன். தினமும் பார்க்கிற கால்தான். விரலிடுக்கெல்லாம் புண், உப்பு தின்ற பள்ளம். முதலியார்சாவடிக்காரன் வருவான் என்று நம்பியிருந்தேன் என்றாள். அழவில்லை.

தெரிந்துதான் சொன்னாளா, தெரியாமலா? — கேட்கக் கூடாது. என்னய்யா வாழ்க்கை இது. நான் கட்டிக்க நெனச்சவ, என் பாத்தியிலதான் கால் அழுகிப் போய் நிக்கிறா. நான் குழாத்தண்ணிக் கதை சொல்லிக்கினு இருந்திருக்கேன்.

23-2-75, ஞாயிறு

பாண்டிக்குப் போகவில்லை. பெரிய முதலியார்சாவடியில் இறங்கினேன். பையனின் அப்பா அப்பாதுரை உட்காரச் சொல்லவில்லை.

“ஒங்க ஊர் ஆளே சொன்னாருங்க. நாங்க என்ன பண்றது?”

சத்தம் கேட்டு, வேலைக்குப் புறப்பட்டுக்கொண்டிருந்த பையன் உள்ளேயிருந்து வந்தான். என்னைப் பார்த்ததும் நின்றுவிட்டான்.

“அப்பா, இவரா அந்த மாமா? இவரு நம்ம ஜூஸ் சாரு! ஒரு சொட்டு தொட்டதில்லப்பா. குடிக்கிறவன் யாருன்னு எனக்குத் தெரியாதா?”

“அப்ப ஜூஸ் குடிக்க ஏன்யா அவ்ளோ தூரம் போனீங்க?” என்றார் அப்பாதுரை.

“ஒங்க புள்ள குடிக்கிறானான்னு பாக்கத்தாங்க.”

“பாத்தீங்களே, என்ன பாத்தீங்க?” என்று பையன் மெதுவாகக் கேட்டான். பொய் சொல்ல அதுதான் கடைசி இடம்.

“கொடுத்த கிளாஸைக் கூட செடிக்கு ஊத்திட்டாருங்க. எங்க பொண்ணுக்கு இவரு சரியா இருப்பாரு” என்றேன்.

அப்பாதுரை சிரித்தார். உட்காரச் சொன்னார், இலை போட்டார். மீன் குழம்பு. கை நனைத்தேன்.

30-5-75, வெள்ளி

கல்யாணம் முடிந்தது. கூட்டம் நிறைய, சாப்பாடு குறைவில்லை. பக்கிரி இரண்டு பந்தியில் உட்கார்ந்தான்.

பட்டம் கட்டத் தாய்மாமனைக் கூப்பிட்டார்கள். அருக்காணி தலை குனிந்து உட்கார்ந்திருந்தாள். நெற்றியில் வைத்துப் பின்னால் முடிச்சுப் போடுவதற்குள் கை நடுங்கிவிட்டது. நூல் இரண்டு தரம் நழுவியது. மாப்பிள்ளை வீட்டுப் பெண் ஒருத்தி பக்கத்திலிருந்தவளிடம், “காத்தாலயே ஊத்திக்கினு வந்துட்டாரு போலக்குது” என்றாள். எனக்குக் கேட்டது. மாப்பிள்ளைக்கும் கேட்டது. அவளுக்குப் பதில் சொல்ல அவன் வாயெடுத்தான்.

வேண்டாம் என்று அவன் தோளை அழுத்தினேன். குடித்துத்தான் நடுங்கியது என்றே இருக்கட்டும்.