டீசல் வண்டிக்கு ஓட்டம் வேண்டும்

ஜூன் 4

என் மருந்துக்கடைக்காரிக்கு,

இங்கே நான் சௌக்கியம். போனில் பேசினால் சண்டையில்தான் போய் முடிகிறது, கடிதம் எழுதுங்கள் என்று நீதானே சொன்னாய்? எழுதுகிறேன். உன் பெட்ரோல் வண்டி எப்படி இருக்கிறது? என் டீசல் இழுவையில் சூரன். மேட்டில் கியர் மாற்றாமலே ஏறுகிறது. மைலேஜும் உன்னுடையதைவிட நிச்சயம் அதிகம். சத்தம்தான் கொஞ்சம் ஜாஸ்தி. பக்கத்து வீட்டுக்காரர் அலாரம் வைப்பதையே விட்டுவிட்டார்.

இந்த மாதமும் சனி, ஞாயிறு அங்கே வர முடியாது. தலைமையாசிரியர் வாராவாரம் என்னை வெளியூர்ப் பயிற்சிக்கு அனுப்புகிறார். போக நாலு மணி நேரம், வர நாலு மணி நேரம், நானே ஓட்டுகிறேன். முதுகு ஒடிகிறது. போதாக்குறைக்கு டாஷ்போர்டில் மஞ்சள் விளக்கு எரிகிறது. புகைக்குழாய் ஃபில்டரில் கரி அடைத்திருக்கிறதாம்.

வேளாவேளைக்குச் சாப்பிடு.

அன்புடன்,
உன் கணக்கு வாத்தியார்

ஜூன் 11

கணக்கு வாத்தியாருக்கு,

நானும் நலம்தான். பெட்ரோல் வண்டி பரம சாது. ஸ்டார்ட் ஆனதே தெரியாமல் இன்னொரு முறை சாவியைத் திருகிவிடுகிறேன். உடனே 'கிர்ர்' என்று திட்டுகிறது. சிக்னல் சிக்னலாக நின்று போனால் பெட்ரோலைத் தண்ணீராகக் குடிக்கிறது. ஏசி போட்டு மேடு ஏறச் சொன்னால் முனகுகிறது. சர்வீஸ் செலவு மட்டும் உங்களுடையதில் பாதிகூட வராது.

உங்கள் மஞ்சள் விளக்கைப் பற்றி என் மெக்கானிக்கிடம் கேட்டேன். சிரித்தார். "அது வீட்டுக்கும் கடைக்குமே ஓடுற வண்டிக்கு வர்ற வியாதிம்மா. ஹைவேல கொஞ்ச நேரம் விரட்டினா கரி தானா எரிஞ்சு போயிடும்" என்றார். வாராவாரம் எட்டு மணி நேரம் ஹைவேயில் ஓடும் வண்டிக்கு எப்படி அடைக்கும்? வாத்தியாருக்கே கணக்கு உதைக்கிறதே.

எனக்கு இங்கே வேலை கிடைத்தபோது நாம் டீசல் வாங்கியதே, நீங்கள் வாரம் தவறாமல் வந்து போகத்தான். கோபம் வரவில்லை, பயமாக இருக்கிறது. வர விருப்பம் இல்லையென்றால் தலைமையாசிரியர் தலையில் பழியைப் போடாதீர்கள். நேராகச் சொல்லுங்கள்.

உங்கள் மனைவி

ஜூலை 2

அன்புள்ள உனக்கு,

பதில் எழுதத் தாமதமாகிவிட்டது. டீசல் வண்டியை விற்றுவிட்டேன். பெட்ரோலில் ஒன்று வாங்கியிருக்கிறேன். உன்னுடைய அதே மாடல்தான், நிறம் மட்டும் வேறு. பள்ளிக்கும் வீட்டுக்கும் இது போதும் என்று மெக்கானிக் சொன்னார். எனக்கும் அப்படித்தான் தோன்றுகிறது.

உடம்பைப் பார்த்துக்கொள்.

கணக்கு வாத்தியார்

ஜூலை 8

கணக்கு வாத்தியாருக்கு,

கடிதம் கிடைத்தது. வண்டியை விற்றே நேராகச் சொல்லிவிட்டீர்கள். வலித்தது. ஆனாலும் பொய்க்கு இது தேவலை.

புது வண்டிக்கு ஒன்றிரண்டு சொல்கிறேன். பங்க்கில் பழக்கதோஷத்தில் 'டீசல்' என்று சொல்லிவிடாதீர்கள், என்ஜின் போய்விடும். மேட்டில் பழைய வண்டியை நினைத்துக்கொண்டு அழுத்தாதீர்கள். கியரை இறக்கினால்தான் ஏறும்.

வீட்டுக்குக் கீழே உங்கள் வண்டிக்கென்று ஓர் இடம் பிடித்து வைத்திருந்தேன். மேல்வீட்டு நர்ஸ் பாவம், தினமும் தெருவில் நிறுத்திவிட்டு அல்லாடிக்கொண்டிருந்தார். அந்த இடத்தை நேற்று அவருக்குக் கொடுத்துவிட்டேன். அவருடையதும் டீசல்தான். சத்தம் கேட்டதும் என்னை அறியாமல் ஜன்னலுக்குப் போய்விட்டேன். போகப் போகப் பழகிவிடும்.

மருந்துக்கடைக்காரி