ஒரு வெயில் பார்த்த மனை

மார்ச் 18

அன்புள்ள வீட்டுக்காரிக்கு,

வீடு இனிமேல்தான் வரவேண்டும், பட்டம் மட்டும் முன்கூட்டியே. போன் எடுக்காத இடம் என்பதால் பால் வண்டிக்காரர் கையில் இதைக் கொடுத்தனுப்புகிறேன். நம் மனையின் மேட்டில் இப்போதே அஸ்திவாரம் தோண்டலாம் என்கிறார் கொத்தனார். வெயிலும் காற்றும் எங்கே எப்படி என்று ஒரு கோடை முழுக்க மனையைப் பார்த்துவிட்டுத்தான் தோண்டுவது என்று சொல்லிவிட்டேன். மனுஷனுக்கு முகம் சுருங்கிவிட்டது. தகரக் கொட்டகையில் சௌக்கியமாக இருக்கிறேன். மணிக்கொரு தரம் நிழல் விழும் இடத்தில் ஒரு கல் வைக்கிறேன். பஸ் ஓட்டியவனுக்கு ஓய்வு கொடுத்தால் இப்படித்தான்.

உன் வீட்டுக்காரர்

ஏப்ரல் 2

அன்புள்ள உங்களுக்கு,

தகரத்தின் கீழே சௌக்கியம் என்று எழுத உங்களால்தான் முடியும். மதியம் தலையில் ஈரத்துண்டு இருக்கவேண்டும். இது நர்ஸ் சொல்வது, மனைவி சொன்னால் கேட்கமாட்டீர்கள்.

ஒரு செய்தி. ஓய்வு வயதுக்குப் பிறகும் இரண்டு வருஷம் வேலையில் இருக்கச் சொல்லி ஆஸ்பத்திரியில் கேட்கிறார்கள். மே கடைசிக்குள் பதில் சொல்லவேண்டும். நான் வேலை முடிந்து வரும்போது நீங்கள் வண்டி எடுக்கப் போயிருப்பீர்கள். இருபத்தேழு வருஷத்தில் சேர்ந்தாற்போல் பத்து நாள் ஒரே கூரையின் கீழ் இருந்ததில்லை. இனி தினமும் என்றால் என்னை உங்களுக்குத் தாங்குமா?

இப்படிக்கு நான்

ஏப்ரல் 24

அன்புள்ள வீட்டுக்காரிக்கு,

இடம் கிடைத்துவிட்டது! மேடு உதவாது. பத்து மணிக்கே பாறை கொதிக்கிறது, பொழுது சாய்ந்தும் சூடு இறங்குவதில்லை. பக்கத்துக் காட்டு அக்காவின் ஆடுகள் மட்டும் தினமும் உச்சி வெயிலில் நம் கீழ் மூலைக்கு வந்து படுக்கின்றன. நானும் கட்டிலை அங்கே கொண்டு போட்டேன். நாலு மணிக்குக் காற்று வருகிறது பார், சொக்கிப்போனேன். அங்கேயே அஸ்திவாரத்துக்குக் கயிறு கட்டச் சொல்லி கொத்தனாருக்கு ஆள் அனுப்பிவிட்டேன்.

வேலை விஷயம் உன் இஷ்டம்.

உன் வீட்டுக்காரர்

மே 5

அன்புள்ள உங்களுக்கு,

ஆட்டுக்கு ஒரு பக்கம், எனக்கு இரண்டு வார்த்தை. நல்லது.

பள்ளத்தில் வீடு கட்டினால் மழைத் தண்ணீர் எங்கே போகும் என்று ஆடுகளைக் கேட்டீர்களா?

நான்

மே 14

அன்புள்ளவளே,

நீ கேட்டதற்கு மழையே பதில் சொல்லிவிட்டது. நேற்று சாயங்காலம் ஒரு மணி நேரம் கொட்டித் தீர்த்தது. கீழ் மூலையில் முழங்கால் தண்ணீர். கட்டில் கவிழ்ந்து வேலியில் போய் மாட்டிக்கொண்டது. அதை இழுக்கப் போய்ச் சேற்றில் உட்கார்ந்துவிட்டேன். ஆட்டுக்கார அக்கா வேலிக்கு அந்தப் பக்கம் நின்று சிரித்தார்.

"அதுங்களுக்கு வெயில் வந்தாத்தான் இந்த இடம். மழை வந்தா வீட்டுக்குப் போயிடும்ல அண்ணே."

தண்ணீர் மேட்டுக்கும் பள்ளத்துக்கும் நடுவே ஒரு கோட்டில் நின்றுவிட்டது. அதற்குப் பத்தடி மேலே இன்று நாள் முழுக்க உட்கார்ந்து பார்த்தேன். பாறைச் சூடு எட்டவில்லை, காற்றும் வருகிறது. கொத்தனாரிடம் மறுபடி மாற்றிச் சொல்லவேண்டும், அவர் முகத்தை நினைத்தால்தான் பயம்.

உன் இஷ்டம் என்று எழுதியது பெருந்தன்மை இல்லை, பயம். வா என்று சொல்லி நீ வராவிட்டால் என்ன செய்வது என்று இருந்தேன். இப்போது சொல்கிறேன். வா. தாங்குமா என்று தெரியாது, பார்த்துவிடலாம்.

உன் வீட்டுக்காரர்

மே 27

அன்புள்ள வீட்டுக்காரருக்கு,

முடியாது என்று ஆஸ்பத்திரியில் சொல்லிவிட்டேன். தலைமை நர்ஸ் காரணம் கேட்டார். வீட்டுக்காரர் கூப்பிடுகிறார் என்றேன். இத்தனை வருஷத்தில் அந்த வாக்கியத்தைச் சொல்ல எனக்கு வாய்ப்பே வந்ததில்லை. சொல்லும்போது கொஞ்சம் வெட்கமாகக்கூட இருந்தது.

ஜூன் இரண்டாம் தேதி காலை பஸ்ஸில் வருகிறேன். கொத்தனாரை ஒரு வாரம் பொறுக்கச் சொல்லுங்கள். நீங்கள் பார்த்த இடத்தை நானும் உட்கார்ந்து பார்க்கவேண்டும்.

உங்கள் வீட்டுக்காரி