பாதி வலி

மாப்ள,

வியாழக்கிழமை காலையில் அடுப்படியிலிருந்து தேங்காயெண்ணெயில் கற்பூரம் உருகும் வாசம் வந்தது. நான் கட்டிலில் காலை நீட்டிக் கிடந்தேன். இரண்டு தொடையும் இறுகிப் போயிருந்தன, கெண்டைக்கால்களைத் தரையில் ஊன்ற முடியவில்லை. சுவரைப் பிடித்துக்கொண்டு குளியலறைக்குப் போய்வந்ததைப் பார்த்துவிட்டு, என் மனைவி கரண்டியில் எண்ணெயைச் சுடவைத்து எடுத்து வந்தாள். "ஒரு தேய் தேச்சா சரியாப் போயிரும், காலக் காட்டுங்க" என்று உட்கார்ந்தாள். நான் கத்திவிட்டேன். கை பட்டுக் கரண்டி சாய்ந்து, விரிப்பெல்லாம் எண்ணெய். "அப்பிடி என்னத்தச் சொல்லிப்புட்டேன்?" என்று கேட்டாள் பாவம். அவளுக்கு என்னத்தைச் சொல்ல? சொல்ல வேண்டிய ஆள் நீ. நீ போய் ஒரு வருஷம் ஆகிவிட்டது.

உன் சைக்கிளைத்தான் ஓட்டிக்கொண்டிருந்தேன். உன் மனைவி செல்வி பிள்ளையைக் கூட்டிக்கொண்டு உன் சொந்த ஊர் எழுமலைக்கே போய்ச் சேர்ந்தபோது, "இத நீங்களே வச்சுக்கங்கண்ணே, வாசல்ல நின்னா பாத்துப் பாத்து அழுகதேன் வருது" என்று என்னிடம் விட்டுப் போனாள். பத்து மாதம் துணி போர்த்தி வைத்திருந்தேன். இந்த வருஷம் ஈஸ்டருக்கு முந்தின நாற்பது நாள் தவக்காலம் தொடங்கிய திருநீற்றுப் புதனன்று துணியை எடுத்தேன். காலையில் கோச்சடையிலிருந்து செக்கானூரணி வரை போய்த் திரும்புவது என் பங்கு. பள்ளிக்கூட ஆபீசில் வேலை முடிந்து வந்து, சாயங்காலம் அதே தூரம் மறுபடியும். அது உன் பங்கு. நீ என்னைவிட நாலு விரற்கடை உயரம். சீட்டை இறக்க எனக்கு மனசு வரவில்லை. பெடல் எட்டாமல் பாதத்தை நீட்டி நீட்டி மிதித்தேன். மூன்று வாரத்தில் கால் மடங்கிவிட்டது.

போன வருஷத் தவக்காலத்துக்கு முந்தின வாரம் உனக்கு நினைவிருக்கும். ஆரப்பாளையம் பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே அந்த லாட்ஜ் கவுண்டரில் நீ உட்கார்ந்திருந்தாய். காலை எட்டுக்கு உட்கார்ந்தால் எழுந்திருக்க இரவு எட்டாகும். "உக்காந்து உக்காந்து நாற்காலியும் நானும் ஒண்ணாயிட்டோம்டா" என்பாய். எனக்குச் சர்க்கரை என்று டாக்டர் சொல்லி ஒரு மாதம்தான் ஆகியிருந்தது. நாற்பது நாள் கறி, முட்டை தொட மாட்டேன், தினமும் விடிகாலையில் சைக்கிள் மிதிப்பேன், ஒருநாளும் விட மாட்டேன் என்று நேர்ந்துகொண்டதை உன்னிடம் சொன்னேன். நீ சாவிக்கொத்தைச் சுழற்றிக்கொண்டே சொன்னாய்: "நீ ஒஞ் சாமிக்கு ஓட்டு. நான் ஒனக்குத் தொணைக்கு ஓட்டுறேன். போற வழியில டீ மட்டும் ஒஞ் செலவு."

உனக்கு அந்த வேண்டுதலில் எந்தச் சம்பந்தமும் இல்லை. அதை நினைத்தால்தான் எனக்கு ஆறவே மாட்டேன் என்கிறது.

முதல் வாரம் எம்புட்டுச் சிரித்தோம். நாகமலைக்குப் பின்னால் இருட்டு வடிவதற்குள் கிளம்பிவிடுவோம். ஏற்றத்தில் நீ முன்னால் போய் நின்றுகொண்டு, "வாங்க ஐயா வாங்க, ரூம் ரெடியா இருக்கு" என்று லாட்ஜ் கவுண்டரில் பேசுகிற குரலில் கூப்பிடுவாய். இரண்டு பேருக்கும் நாற்பத்தெட்டு வயது. மாடிப்படி ஏறவே யோசிக்கிறவர்கள். மூன்றாம் நாளே தொடை கழன்றுவிடும் போல வலித்தது. நான் சின்ன பாட்டிலில் கற்பூர எண்ணெயை ஊற்றிப் பையில் வைத்துக்கொண்டேன். செக்கானூரணி டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து வேட்டியைத் தூக்கி, மாற்றி மாற்றித் தேய்த்துக்கொள்வோம். டீக்கடைக்காரர் வாடை தாங்காமல் நம்மை வெளி பெஞ்சுக்குத் துரத்தினார்.

போனில் ஒரு செயலி வைத்திருந்தேன். நாள் தவறாமல் ஓட்டினால் எண் ஏறிக்கொண்டே போகும். ஒருநாள் விட்டால் மறுபடி ஒன்றிலிருந்துதான். நேர்ந்துகொண்டது கடவுளிடம், ஆனால் காலையில் எழுந்ததும் பார்த்தது அந்த எண்ணைத்தான். இதை இப்போது ஒத்துக்கொள்கிறேன்.

இரண்டாம் ஞாயிற்றுக்கிழமையே நீ லீவு கேட்டாய். அதற்கு நீ செய்த ஆராய்ச்சி இருக்கிறதே! லாட்ஜ் காலண்டரில் புதன்கிழமையிலிருந்து ஈஸ்டர் வரை எண்ணியிருக்கிறாய். நாற்பத்தாறு வந்திருக்கிறது. நேரே எங்கள் சர்ச்சின் பங்குச் சாமியாரையே பிடித்துக் கேட்டுவிட்டு வந்து நின்றாய். "டேய், தவக்காலத்துல ஞாயித்துக்கெழம கணக்குலயே வராதாம்டா. ஆறு ஞாயிறு போகத்தான் நாப்பதாம். ஒஞ் சாமியே லீவு விடுது, நீ ஏன்டா விட மாட்டேங்குற?" எனக்குத் தெரியாததா? சின்ன வயதிலிருந்து தெரியும். ஆனாலும் விட்டால் எண் ஒன்றுக்குப் போய்விடுமே. "எங்க வீட்டுல ஞாயித்துக்கெழமையும் கறி இல்ல, சைக்கிளும் உண்டு" என்றேன். நீ தலையில் அடித்துக்கொண்டு சைக்கிளை எடுத்தாய்.

மூன்றாம் ஞாயிறு. பத்தொன்பதாம் நாள். வரும்போதே நீ பின்தங்கினாய். எப்போதும் முன்னால் போய் நின்று கூப்பிடுகிற ஆள். டீக்கடைக்கு வந்ததும் பெஞ்சில் இடது காலைத் தூக்கிப் போட்டுக்கொண்டு, "மாப்ள, இந்தக் காலு ஒண்ணு மட்டும் ரெண்டு நாளா வேற மாதிரி வலிக்குதுடா. இழுத்துப் புடிக்குது" என்றாய். கெண்டைக்கால் தடித்திருந்தது. அது எனக்கும் தெரிந்தது. நான் என்ன சொன்னேன் என்று உனக்கு நினைவிருக்கிறதா? எனக்கு ஒவ்வொரு எழுத்தும் நினைவிருக்கிறது.

"எனக்கு ரெண்டு காலும் போச்சு, ஒனக்கு ஒண்ணுதான? பாதி வலிக்கு இம்புட்டு அழிச்சாட்டியமா?"

டீக்கடையில் இருந்த நாலு பேரும் சிரித்தார்கள். நீயும் சிரித்தாய். நான் பாட்டிலைத் திறந்து, உன் காலை என் மடியில் போட்டு, என் கையாலேயே அழுத்தித் தேய்த்துவிட்டேன். நீ பல்லைக் கடித்துக்கொண்டு, "மெள்ளடா, மெள்ளடா" என்றாய். மெள்ளத் தேய்க்கவில்லை மாப்ள. பலமாகத் தேய்த்தால்தான் வலி ஓடும் என்று நினைத்தேன்.

திங்களும் செவ்வாயும் வந்தாய். புதன்கிழமை காலையிலும் வந்தாய், பாதி வழியில் மூச்சு வாங்குகிறது என்று திரும்பிவிட்டாய். பகல் பதினொன்றரைக்கு லாட்ஜிலிருந்து போன். ரூம் கேட்டு வந்தவருக்குப் பெயர் எழுதிக்கொண்டிருக்கும்போதே சாய்ந்துவிட்டாய் என்றார்கள். நான் ஆஸ்பத்திரிக்கு வருவதற்குள் முடிந்துவிட்டது. காலில் ரத்தம் கட்டி, அது கிளம்பி நுரையீரலில் போய் அடைத்துவிட்டது என்று டாக்டர் சொன்னார். செல்வி தரையில் உட்கார்ந்து, "கால் வலிக்குதுன்னு ஒரு வார்த்த சொல்லலையே, எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லலையே" என்று அழுதாள். பதினாறாம் நாள் காரியத்துக்கு வந்தவர்களிடமெல்லாம் அதையேதான் சொன்னாள். என்னிடம் சொல்லியிருந்தாயே! நான் உன் மகள் பக்கத்தில் தலையைக் குனிந்துகொண்டு நின்றேன். வாயைத் திறக்கவில்லை.

சரி, இந்த வியாழக்கிழமைக்கு வருகிறேன். எண்ணெயைத் தட்டிவிட்ட பிறகு, ஆட்டோ பிடித்துக் கால் வலிக்குப் பயிற்சி கொடுக்கும் இடத்துக்குப் போனேன். நம் மெயின் ரோட்டிலேயே புதிதாக வந்திருக்கிறது. சின்னப் பெண், கண்ணாடி போட்டிருந்தாள். படுக்கச் சொல்லிவிட்டு அவள் கேட்ட முதல் கேள்வி என்ன தெரியுமா?

"ரெண்டு காலும் வலிக்குதா சார், இல்ல ஒரு கால் மட்டுமா?"

"ரெண்டும்" என்றேன்.

"அப்ப பயமில்ல சார். சதை வலிதான்."

ஒரு கால் மட்டும் வலித்தால் என்ன என்று நானாகத்தான் கேட்டேன். கேட்காமல் இருந்திருக்கலாம். அவள் என் கெண்டைக்காலை அழுத்திப் பார்த்துக்கொண்டே சொன்னாள்: "ஒரே கால்ல, கெண்டைக்கால் வீங்கி, தொட்டா சூடா இருந்துச்சுன்னா தேய்க்கவே கூடாது சார். ரத்தம் கட்டிருக்கலாம். ஒடனே ஸ்கேன் பாக்கணும். மணிக்கணக்கா உக்காந்தே வேலை பாக்குறவங்களுக்கு வரும்." என் கண் நிறைந்துவிட்டது. "ரொம்ப அமுக்கிட்டேனா சார்?" என்று கையை எடுத்துக்கொண்டாள். கண்ணைத் துடைத்துக்கொண்டு, தேய்த்தால் கட்டி கிளம்பிவிடுமா என்று கேட்டேன். "கிளம்பலாம். தேய்க்காமயும் கிளம்பும். யாராலயும் உறுதியாச் சொல்ல முடியாது சார்."

ரத்தக்கட்டு என்று ஒரு வருஷமாகத் தெரியும். ஆனால் அது முன்கூட்டியே தன்னைக் காட்டிக்கொடுத்தது என்றும், அதைத்தான் நான் நாலு பேர் சிரிக்கிற மாதிரி ஆக்கினேன் என்றும் அன்றைக்குத்தான் தெரிந்தது. நீ சொன்னது எல்லாமே சரியாக இருந்தது. ஒத்தக் கால், வேறு மாதிரி வலி, வீக்கம். படிக்காத ஆளா நான்?

அந்தப் பெண் ஒரு தாளில் எழுதிக் கொடுத்தாள். பத்து நாள் சைக்கிளைத் தொடக் கூடாது. நிறையத் தண்ணீர், வீட்டுக்குள் மெள்ள நடை, சுவரில் கையூன்றிக் கெண்டைக்காலை நீட்டும் பயிற்சி காலையும் மாலையும். திரும்ப ஓட்டும்போது பாதித் தூரம், சீட்டை இறக்க வேண்டும். "தெனமும் ஓட்டுனா சதை எப்ப சார் தேறும்? ஓய்வுலதான் தேறும். ஞாயித்துக்கெழமையாவது லீவு விடலாம்ல?" என்றாள். நீ வந்து பேசுகிற மாதிரி இருந்தது.

நேற்று ஞாயிற்றுக்கிழமை. ஆரப்பாளையத்தில் பஸ் ஏறினேன். உன் கவுண்டரில் வேறொரு ஆள் உட்கார்ந்து போன் பார்த்துக்கொண்டிருந்தார். நாற்காலி அதே நாற்காலி. நம் டீக்கடையை பஸ் கடந்தபோது வேறு பக்கம் பார்த்துக்கொண்டேன். எழுமலையில் பஸ் படி இறங்கப் பட்ட பாட்டைச் சொல்லி முடியாது. உன் வீட்டுக்குப் போனேன். போன வருஷ ஈஸ்டருக்கு மறுநாள் சைக்கிளிலேயே அங்கே போய், உன் கிணற்றில் இறங்கிக் குளிப்பதாக இரண்டு பேரும் பேசியிருந்தோம்.

செல்வி வாசலில் சின்ன வெங்காயம் ஆய்ந்துகொண்டிருந்தாள். "வாங்கண்ணே. என்ன, காலத் தாங்கித் தாங்கி நடக்குறீக?" என்றாள். நான் உட்காரக்கூட இல்லை. நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். லீவு கேட்டதை, ஒத்தக் காலை, நான் சொன்ன பேச்சை, எண்ணெயை. திட்டுவாள், அழுவாள், வெளியே போகச் சொல்வாள் என்று எல்லாவற்றுக்கும் தயாராகத்தான் போயிருந்தேன்.

"தெரியும்ணே" என்றாள்.

வெங்காயத்தை முறத்தில் போட்டுவிட்டு, என்னைப் பார்க்காமலேயே சொன்னாள். "அன்னைக்கு வந்து குப்புறப் படுத்துக்கிட்டு, கால மிதிச்சு விடுன்னாரு. ஏறி நின்ன ஒடனே எடது காலு எம் பாதத்துல சுட்டுச்சு. என்னங்க இது ஒத்தக் காலு மட்டும் கொதிக்குது, ஆஸ்பத்திரிக்குப் போவமான்னு கேட்டேன். மாப்ள தைலம் தேச்சு விட்டான், அந்தச் சூடுன்னு சிரிச்சாரு. சரின்னு நானும் மிதிச்சேண்ணே. நல்லா மிதிச்சேன்."

"அப்பறம் ஏம்மா ஒரு வார்த்த சொல்லலன்னு எல்லார்ட்டயும் சொன்ன?"

"வேற என்னத்தச் சொல்ல? சொன்னா எம் பேரும் வரும், ஒங்க பேரும் வரும். ஒங்களப் பத்தி ஒருத்தர் ஒண்ணு சொன்னா அவரு தாங்க மாட்டாரு."

என் எண்ணெய்ச் சூடுதான் உன் காலின் சூட்டை மறைத்திருக்கிறது. அது இல்லாவிட்டால் அன்றைக்கே அவள் உன்னை இழுத்துக்கொண்டு போயிருப்பாள். பாரம் குறையும் என்று நினைத்துப் போனவன், இன்னொன்றையும் தூக்கிக்கொண்டு வந்தேன். வாய்விட்டு அழுதேன் மாப்ள, வெட்கமில்லாமல். அவள் அழவில்லை. உள்ளே போய்ச் சட்டியை அடுப்பில் வைத்தாள்.

தட்டில் சோறும் ரசமும், ஓரத்தில் ஒரு பொரித்த முட்டையும் வைத்துக் கொண்டுவந்தாள். தவக்காலம் என்று இழுத்தேன். "ஞாயித்துக்கெழம கணக்குல வராதாமே. அவரு சொல்லியிருக்காரு. சாப்புடுங்க" என்றாள். அறிவு தெரிந்த நாளிலிருந்து தவக்கால ஞாயிறு எதிலும் நான் முட்டை தொட்டதில்லை. நேற்று சாப்பிட்டேன். அவள் எதிரே உட்கார்ந்து, நான் சாப்பிட்டு முடிக்கும்வரை மிச்ச வெங்காயத்தை ஆய்ந்தாள்.

இன்று காலை அந்தச் செயலியைப் போனிலிருந்து அழித்தேன். உன் சைக்கிளின் சீட்டை நாலு விரற்கடை இறக்கினேன். பத்து நாள் கழித்து ஓட்டுவேன், ஞாயிற்றுக்கிழமை ஓட்ட மாட்டேன். டீக்கடையில் எவனாவது கால் வலி என்று உட்கார்ந்தால் ஒத்தக் காலா, இரண்டு காலுமா என்று கேட்பேன். பைத்தியம் என்று நினைத்தால் நினைத்துக்கொள்ளட்டும்.

தொடை இன்னும் வலிக்கிறது. சுவரில் கையூன்றி நிற்கும்போது முதலில் இடது காலைத் தொட்டுப் பார்க்கிறேன், பிறகு வலது காலை. இரண்டும் ஒரே மாதிரி வலிக்கின்றன. நாலைந்து நாளில் சரியாகிவிடும் என்றாள் அந்தப் பெண். உன் வலியைப் பாதி என்று சொன்னேனே மாப்ள, அந்தப் பாதி சரியாகாது.