சின்னையன் கொண்டுவந்த குலை

1972 ஜூலை 11

மூன்றாம் வருஷமும் வந்துவிட்டது. ஹாஜர் எடுக்கும்போது "முத்தாத்தாள்" என்றதும் பின்பெஞ்சில் எழும் கனைப்பு மட்டும் நிற்கவில்லை. பி.ஏ. ஹிஸ்டரியில் இருபத்தாறு பேர். மலையாளப் பிள்ளைகளுக்கு நடுவில் தமிழ் வீட்டுப் பெண் நான் ஒருத்திதான். ஆட்டுக்கூட்டத்தில் எருமை புகுந்தமாதிரி பார்க்கிறார்கள். பார்த்துத் தொலைக்கட்டும்.

இன்று பிரெஞ்சுப் புரட்சி. அந்த ஊர்க் குடியானவன் பிரபுவுக்கு என்னென்ன கொடுத்து அழுதான் என்று ஒன்றரைப் பக்கம் நோட்ஸ். ஐயாயிரம் மைலுக்கு அப்பால் ஒருத்தன் அழுததற்கு இங்கே பதினைந்து மார்க். எங்கள் ஊர் நல்லேப்பிள்ளியில் அழுதால் அரை மார்க்கும் கிடையாது.

ஜூலை 19

கேரள சரித்திரம் எடுக்கும் பங்கஜாட்சன் சார் ஒரு கட்டுரை எழுதச் சொல்லியிருக்கிறார். சொந்த ஊரைப் பற்றி, எந்த பாஷையில் வேண்டுமானாலும். புத்தகத்தில் இருப்பதை எழுதினால் பூஜ்யமாம். கண்ணால் கண்டது, வீட்டில் கேட்டது மட்டும்தான் வேண்டுமாம். நன்றாக வந்தால் காலேஜ் மாகசினில் போடுவார்.

எங்கள் வீட்டில் என்ன சரித்திரம் இருக்கிறது? நெல், வாய்க்கால் தகராறு, மறுபடி நெல்.

ஆகஸ்ட், உத்திராடம்

நாளைக்குத் திருவோணம். நாங்கள் ஓணம் கொண்டாடுகிறவர்கள் இல்லை. ஆனால் ஓணக்குலை வாங்கிக்கொள்வோம்! காலையில் சின்னையன் "பண்ணாடி" என்று அப்பாவைக் கூப்பிட்டுக்கொண்டே வந்தார். தோளில் நேந்திரங்குலை, ஒரு காய்கூட அடிபடாமல் வாழைச்சருகு சுற்றி. வாய்க்கால் கரையில் எங்கள் மூன்று ஏக்கரைப் பாட்டத்துக்கு உழுகிறவர் அவர். விளைந்ததில் எங்கள் பங்கை அளந்துவிட்டு மிச்சத்தை எடுத்துக்கொள்வார். அப்பா வேட்டி கொடுத்து, இலை போட்டுச் சாப்பிடச் சொன்னார்.

நாளைக்குப் பண்ணையாட்கள் வருவார்கள். வெறுங்கையோடு வரிசையில் நின்று, துண்டு வாங்கிக்கொண்டு போவார்கள். இது ஏன் இப்படி என்று அப்பாவிடம் கேட்டேன். மீசையைத் தடவிக்கொண்டே சொன்னார்.

"பண்ணையாளு கொல கொண்டாரமாட்டான் அம்மிணி. பாட்டத்துக்கு ஓட்டறவந்தான் கொண்டாருவான். சின்னையனோட அய்யன் காலத்துல இருந்து நம்ம ஊட்டுக்குக் கொல வருது. எத்தன ஊட்டுக்கு வருது, சொல்லு பாக்கலாம்?"

கட்டுரை கிடைத்துவிட்டது.

ஆகஸ்ட் 30

பதினோரு பக்கம். தமிழிலேயே எழுதிவிட்டேன். அப்பா சொன்னதை அவர் சொன்னபடியே போட்டிருக்கிறேன்.

டிசம்பர் 14

மாகசின் வந்தது. பதினேழாம் பக்கத்தில் என் பெயர், அச்சில்! சார் "நன்னாயி" என்று சொன்னார், எல்லார் முன்னாலும். கனைக்கிறவர்கள் இன்றைக்குக் கனைக்கவில்லை.

அப்பா சத்தமாக இரண்டு தரம் வாசித்தார். வந்தவர் போனவருக்கெல்லாம் காட்டினார். "ஏனுங்க, போதுமுங்க. கண்ணுபட்டுரும்" என்று அம்மா புத்தகத்தைப் பிடுங்கி உள்ளே வைத்தாள்.

1973 ஜனவரி 9

சின்னையன் அந்த மூன்று ஏக்கரைத் தன் பெயருக்குப் பதியச் சொல்லி லேண்ட் டிரிப்யூனலில் மனுக் கொடுத்திருக்கிறார். பாட்டத்துக்கு உழுகிறவனுக்கே நிலம் என்று சட்டம் வந்து மூன்று வருஷமாகிறது. இத்தனை நாள் பயந்துகொண்டு கிடந்திருக்கிறார் மனுஷன்.

வக்கீலிடம் அப்பா பேசுவதைக் கேட்டேன். "பாட்டமா? ஏது பாட்டம்? அவன் எம்பட பண்ணையாளுங்க. கூலிக்கு நிக்கறவன்."

"அப்பொ கொல?" என்று வாய் தவறிக் கேட்டுவிட்டேன். வக்கீல் திரும்பிப் பார்த்தார். அப்பா என்னை உள்ளே போகச் சொன்னார்.

ஜனவரி 10

ஐயோ, மாகசின். பதினேழாம் பக்கம்.

பிப்ரவரி 3

பஸ்ஸுக்கு நிற்கும்போது சின்னையன் வந்தார். துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு தள்ளியே நின்றார். பக்கத்து நிலத்துச் சொந்தக்காரர்கள் யாரும் சாட்சிக்கு வரமாட்டேன் என்கிறார்களாம். நாளைக்கு அவர்கள் நிலத்துக்கும் இதே கதை ஆகிவிடுமே, எப்படி வருவார்கள்?

"எங்ககிட்டச் சீட்டு ஒண்ணுமில்லீங்க அம்மிணி. எல்லாம் வாய்ப்பேச்சு. வருசா வருசம் கொண்டாந்த கொலதானுங்க எங்களுக்குச் சீட்டு. அதைய நீங்க எழுதிப்போட்டீங்க. எழுதுனது நெசம்னு ஒரு வார்த்தை சொன்னாப் போதுமுங்க."

பஸ் வந்தது. "பாக்கறேன்" என்று சொல்லி ஏறிவிட்டேன். என்னத்தைப் பார்ப்பது?

பிப்ரவரி 5

பங்கஜாட்சன் சாரிடம் கேட்டேன். கண்ணால் கண்டதுதான் சரித்திரம் என்று கரும்பலகையை உடைக்கிறமாதிரி எழுதினவர். இன்று கதவைச் சாத்திவிட்டு, குரலைத் தாழ்த்தி, மாணவி எழுதின பயிற்சிக் கட்டுரை சாட்சியாகாது என்றார். டிரிப்யூனலில் கேட்டால் அப்படித்தான் எழுதிக்கொடுப்பாராம். அவர் தறவாட்டுக் குடும்ப நிலத்துக்கும் ஏழெட்டு பாட்டக்காரர்கள் உண்டு என்று பிறகுதான் தெரிந்தது.

நல்ல வாத்தியார். நல்லா இருங்க சார், நீங்க நல்லா இருங்க.

மார்ச் 26

ஹால் டிக்கெட் தபாலில் வந்திருக்கிறது. அப்பா சட்டைப்பையில் இருக்கிறது. டைப் அடித்த ஒரு காகிதத்தை என் முன்னால் வைத்தார். கட்டுரையில் உள்ளவை என் கற்பனை, சின்னையன் குலை கொண்டுவந்ததை நான் பார்த்ததில்லை — இதில் கையெழுத்துப் போடவேண்டும்.

"இது பொய்யிங்கப்பா. நீங்கதான சொன்னீங்க?"

"காசு குடுத்துப் படிக்க வெச்சு எனக்கே சூனியம் வெச்சுக்கிட்டனே! கையெழுத்தப் போடு, பரீட்சைக்குப் போ. இல்லீன்னா இந்த மாசமே கல்யாணம். மாப்பிள்ளை ஊட்டுக்காரங்க பக்கத்துல கோபாலபுரத்துல காத்துக்கிட்டிருக்காங்க."

அம்மா வாசல்படியில் உட்கார்ந்து முந்தானையைக் கடித்துக்கொண்டிருந்தாள். ஒரு வார்த்தை சொல்வாள் என்று பார்த்தேன். எழுந்து உள்ளே போய்விட்டாள்.

போட்டேன்.

போட்டேன் போட்டேன் போட்டேன். மூணு வருசம். கனைப்பெல்லாம் பொறுத்துக்கிட்டு மூணு வருசம் படிச்சிருக்கேன். அத வுட்டுட்டு எவனுக்கோ சோறாக்கப் போகட்டுமா? என்னால ஆகாது. சின்னையனுக்கு மூணு ஏக்கரு, எனக்கு இது ஒண்ணுதான். — இப்படி எழுதினால் மட்டும் சரியாகிவிடுமா? சூடு சொரணை இருந்தால் காகிதத்தைக் கிழித்திருப்பேன். இல்லை.

ஏப்ரல் 11

கேரள சரித்திரப் பேப்பர். ஐந்தாவது கேள்வி: கேரளத்தில் குடியான் (பாட்டக்காரர்) உரிமைச் சட்டங்களின் வளர்ச்சியை விவரிக்க. எட்டுப் பக்கம் எழுதினேன். கூடுதல் தாள் கேட்டு வாங்கி எழுதினேன்.

ஏப்ரல் 12

நேற்று எழுதியதில் ஒரு வருஷத்தைத் தப்பாகப் போட்டுவிட்டேன். அதற்குப் போய் அழுதேன்.

ஜூன் 20

சின்னையன் மனுவைத் தள்ளிவிட்டார்கள். குடியான் என்பதற்கு ஆதாரம் இல்லையாம். அப்பா பழனிக்குப் போய் மொட்டை போட்டுக்கொண்டு வந்தார். பஞ்சாமிர்தம் கொண்டுவந்தார். எனக்கு வேண்டாம் என்றேன். அம்மா கட்டாயப்படுத்தி ஒரு வாய் ஊட்டினாள், தின்றேன்.

ஜூலை 8

வாய்க்கால் கரை நிலத்தை அப்பாவே ஆள் வைத்து உழுகிறார். சின்னையன் அதே நிலத்தில் கூலிக்கு நிற்கிறார். வேறு எங்கே போவார்? இந்தப் பக்கத்தில் கேஸ் போட்டவனுக்கு யார் வேலை கொடுப்பார்கள்? நான் இப்போது அந்தப் பக்கம் போவதில்லை. சுற்றுவழியாகப் போகிறேன்.

ஆகஸ்ட் 17

ரிசல்ட். ஃபர்ஸ்ட் கிளாஸ். கேரள சரித்திரத்தில் காலேஜிலேயே முதல் மார்க்காம். எம்.ஏ. படிக்க வரச்சொல்லி பங்கஜாட்சன் சார் கார்டு போட்டிருக்கிறார். அப்பா தெருவுக்கே லட்டு கொடுத்தார்.

செப்டம்பர், உத்திராடம்

காலையில் அப்பா இரண்டு தரம் வாசலுக்கு வந்து தெருவைப் பார்த்துவிட்டுப் போனார். யாரும் வரவில்லை. எதற்குப் பார்க்கிறார் என்று அவருக்கே உறைக்கவில்லை போலிருக்கிறது.

திருவோணம்

பண்ணையாட்கள் வரிசையில் வந்தார்கள். அப்பா பெயர் சொல்லிக் கூப்பிட, துண்டை எடுத்துக் கொடுக்கிற வேலை என்னுடையது. ஏழாவது ஆளாக சின்னையன் நின்றார். கை நீட்டி வாங்கிக்கொண்டார். வேட்டி இல்லை, துண்டு.

"பாஸாயிட்டீங்கன்னு கேள்விப்பட்டனுங்க அம்மிணி. சந்தோசமுங்க" என்றார். முகத்தில் கேலி இருக்கிறதா என்று தேடினேன். இருந்திருந்தால் கொஞ்சம் ஆறியிருக்கும்.

அவர் திரும்பும்போது அப்பா வாயைத் திறந்தார். பழக்கதோஷம். "ஏண்டா சின்னையா, இந்த வருசம் கொல காங்கலயே?"

வரிசை முழுக்க அப்படியே நின்றது. சின்னையன் துண்டை மடித்துத் தோளில் போட்டுக்கொண்டார். குலை வைத்துக் கொண்டுவருவாரே, அதே தோளில்.

"பண்ணையாளுக்கு ஏதுங்க கொல, பண்ணாடி?"

அப்பா என்னைப் பார்த்தார். பிறகு அடுத்த ஆளின் பெயரைக் கூப்பிட்டார். நான் துண்டை எடுத்துக் கொடுத்தேன்.