நடுப்பகுதி

ஆகஸ்ட் 12, 1984. ஞாயிறு.

தம்பி ஜேம்ஸ் தன் முதல் கேசட்டுடன் பெங்களூரிலிருந்து வந்திருக்கிறான். ஓட்டலில் ஜாஸ் குழுவுக்கு டிரம்ஸ் வாசிக்கிறவன், மெட்டும் போடுவான். மெட்டைத் தாளில் நோட்டேஷனாக எழுத மட்டும் வராது. லீவில் வந்து மேசையில் தட்டித் தட்டிப் பாடுவான். சர்ச்சில் ஆர்கன் வாசிக்கும் நான் எழுதிக்கொடுப்பேன். போன வருஷம் ஒரு மெட்டுக்கு நடுப்பகுதி பிடிபடாமல், "நீயே ஏதாச்சும் போடுக்கா" என்று சொல்லிவிட்டு ஏரிப்பக்கம் போய்விட்டான். இரண்டு நாள் உட்கார்ந்து போட்டேன்.

இன்று ஆராதனை முடிந்து வீட்டுக்கு வந்தவர்களுக்கு அந்தக் கேசட்டைப் போட்டான். அந்த மெட்டின் நடுப்பகுதி வந்ததும் எஸ்டேட்டில் கணக்கெழுதும் ரைட்டர் காப்பியைக் கீழே வைத்தார்.

"இந்த எடம் நொம்ப நல்லா இருக்குதுங்க தம்பி. எப்படிங்க தோணுச்சு?"

"மழையில பஸ்ஸுல மலையேறி வந்தனுங்க. பதினெட்டாவது வளைவுல தானா வந்துச்சுங்க."

"அக்காதான் எழுதிக் குடுப்பாங்களாமே?"

"ஆமாங்க. அக்கா கையெழுத்து அச்சாட்டம் இருக்கும்."

எல்லோரும் சிரித்தார்கள். நானும்தான்.

பொய் சொல்லும் முகம் எனக்குத் தெரியும். அவன் முகம் அப்படி இல்லை. அதை நம்பியே விட்டான். எடுத்துக்காட்டவும் வழியில்லை; எல்லாத் தாளும் என் கையெழுத்து, அவன் போட்டதும் நான் போட்டதும்.

சாயங்காலம் புது மெட்டைத் தட்டிக்காட்டி எழுதச் சொன்னான். கண் வலிக்கிறது என்றேன்.

"சரி, நாளைக்கு எழுதுக்கா."

நாளைக்கும் வலிக்கும் என்றேன். சேலத்தில் நல்ல கண் டாக்டர் இருக்கிறாராம், தானே கூட்டிப்போகிறேன் என்கிறான்.