பெர்த்தில் இருந்தபடியே நீ ஓட்டிய கார்

அன்புள்ள டோனல் அண்ணாவுக்கு,

இங்கே எல்லோரும் நலம், நாயும் நலம், மழையும் ஒரு குறையுமில்லாமல் நலமாகப் பெய்கிறது. ஆஸ்திரேலிய வெயிலில் நீ தோல் உரியாமல் சுகமாக இருக்கிறாய் என்று நம்புகிறேன். மாதாமாதம் உனக்கு எழுதுவது அம்மாதான், இந்த மாதமும் எழுதியிருக்கிறாள், தேயிலைப் பொட்டலத்தோடு வந்து சேரும். பக்கத்துப் பண்ணையில் மாடு வேலியைத் தாண்டியது, சமையலறைக்குப் புது வண்ணம் அடித்தது எல்லாம் அதில் இருக்கும், உனக்குச் சொல்லியே ஆக வேண்டிய ஒரு விஷயம் மட்டும் இருக்காது. அதனால் பெற்றவர்கள் எழுத வேண்டிய கடிதத்தை நான் போர்வைக்குள் டார்ச் வைத்துக்கொண்டு எழுதுகிறேன். அப்பா இன்னும் தூங்கவில்லை, கீழே நடக்கிற சத்தம் கேட்கிறது, கையெழுத்து கோணலாகப் போனால் பொறுத்துக்கொள்.

விஷயம் இதுதான். டோலன் வாத்தியாரின் அடக்கத்துக்குப் போகும்போது அப்பா வேகக் கேமரா வண்டியிடம் மாட்டிக்கொண்டார், அந்தக் காரை ஓட்டியது நீதான் என்று போலீசுக்கு எழுதிக் கொடுக்கப் போகிறார். சிரிக்காதே. நீ சுரங்கத்திலிருந்து அறைக்குத் திரும்பும் அன்றைக்கு உன்னைக் கூப்பிட்டு உன் லைசன்ஸ் எண்ணைக் கேட்பார். அதற்கு முன்பே இது உன் கதவுக்கடியில் கிடக்க வேண்டும் என்றுதான் இந்த அவசரம். என் போனை அப்பா வாங்கி வைத்துக்கொண்டார், அதற்குக் காரணம் பின்னால் வரும்.

அப்பாவின் லைசன்சில் ஏற்கெனவே ஒன்பது அபராதப் புள்ளி ஏறியிருந்தது உனக்குத் தெரியும். இரண்டு முறை வேகத்துக்கு, ஒரு முறை கையில் போனைப் பிடித்துக்கொண்டு ஓட்டியதற்கு. போனில் பேசியது யாரிடம் தெரியுமா, போன் பேசிக்கொண்டு ஓட்டக்கூடாது என்று அன்று காலையில்தான் அவர் பாடம் எடுத்த பையனிடம். இன்னொரு மூன்று ஏறிப் பன்னிரண்டு ஆனால் ஆறு மாதம் ஸ்டியரிங்கைத் தொட முடியாது. ஊருக்கே கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கிற மனுஷர் ஆறு மாதம் சைக்கிளில் போனால் யார் அவரிடம் பாடத்துக்கு வருவார்கள், நாங்கள் எதைச் சாப்பிடுவது, அது ஒன்றும் வேடிக்கை இல்லை. அந்தப் பயம் எனக்கும் இருக்கிறது. ஆனால் அப்பா பயப்படவே இல்லை. முதல் மூன்று புள்ளிக்கு மூன்று வருஷம் முடிந்து அது அழிந்துவிட்டது, இனி ஆறுதான் பாக்கி என்று செப்டம்பரில் மதுக்கடையில் எல்லோருக்கும் வாங்கிக் கொடுத்துவிட்டு வந்தார். அந்தத் தைரியத்தில்தான் லூர்து மாதா கெபி தாண்டி அறுபதில் போக வேண்டிய சாலையில் எண்பத்து மூன்றில் போனார். நான் பக்கத்து இருக்கையில் இருந்தேன். கெபிக்குப் பின்னால் வெள்ளை வண்டி நிற்குதுப்பா என்று கத்தினேன். அது ஐஸ்கிரீம் வண்டிடி, நீ சும்மா வா என்றார். அக்டோபர் மழையில் ஐஸ்கிரீம் வண்டி.

நோட்டீஸ் வந்த அன்றும் விசில் அடித்துக்கொண்டுதான் லைசன்ஸ் அலுவலகத்துக்குப் போன் போட்டார். ஸ்பீக்கரில் போட்டிருந்ததால் அடுப்படியிலிருந்த எங்களுக்கும் கேட்டது. போனை எடுத்த அம்மாள் ரொம்பப் பொறுமையாக, சார், போன வருஷம் உங்க லைசன்ஸ் அஞ்சு மாசம் காலாவதியா கெடந்துச்சே, புதுப்பிக்க மறந்துட்டீங்களா என்று கேட்டாள். அதுக்கென்னம்மா இப்ப என்றார் அப்பா. லைசன்ஸ் இல்லாத நாளெல்லாம் அந்த மூணு வருஷத்துல சேராது சார், அந்தப் புள்ளிங்க பிப்ரவரி வரைக்கும் அங்கயேதான் இருக்கும் என்றாள். லைசன்சே இல்லாதப்ப புள்ளி மட்டும் எதுலம்மா ஒட்டிக்கிட்டு இருந்துச்சு என்று அப்பா கத்த, அதுங்க தூங்கிக்கிட்டு இருந்துச்சு சார், நீங்க புதுப்பிச்சதும் முழிச்சுக்கிச்சு என்றாள். ஓட்டுநர் பள்ளி நடத்துகிறவர் தன் லைசன்சைப் புதுப்பிக்க மறந்திருக்கிறார், அந்த ஐந்து மாதமும் ரியர்வியூ கண்ணாடியைப் பார் என்று ஊரையெல்லாம் அதட்டிக்கொண்டு இருந்திருக்கிறார். அந்த அம்மாள் வேறென்ன சார் தெரிஞ்சுக்கணும் என்று கேட்டு முடிப்பதற்குள் போனை வைத்துவிட்டார்.

அன்று ராத்திரிச் சாப்பாட்டில்தான் உன் பேர் வந்தது. டோனலுக்கு ஆஸ்திரேலியா லைசன்ஸ் இருக்கு, புள்ளி போட்டாலும் அவனுக்கு வலிக்காது, என்ன பண்ணிடுவாங்க, கங்காருவை அனுப்பிப் பிடிப்பாங்களா என்றார். இந்த மாவட்டத்தில் எத்தனை குடும்பம் இப்படித்தான் செய்கிறது, சிட்னியிலும் டொராண்டோவிலும் இருக்கிற பிள்ளைகள்தான் நம்ம ஊர்ச் சாலையில் பறக்கிறார்கள் என்று பெருமையாக வேறு சொன்னார். அம்மா உருளைக்கிழங்கை மசித்துக்கொண்டே, மாலகி, அவன் அன்னிக்கு இங்க இல்லையே என்றாள். அது நமக்குத்தானே தெரியும் பிரீடா என்றார்.

நமக்குத்தான் தெரியுமாம்! அண்ணா, அடக்கத் திருப்பலியை நீ பெர்த்திலிருந்து இணையத்தில் நேரலையாகப் பார்த்தாயே, கீவனி பாதிரியார் பீடத்திலிருந்தே சொன்னாரே, நம்ம டோனல் கில்ஹூலி ஆஸ்திரேலியாவுல வேல முடிஞ்சு குளிக்காமக்கூட உக்காந்து நம்மகூட ஜெபம் பண்றான், வாத்தியார்கிட்ட அவன் வாங்குன அடிக்கு இது பெரிய மனசு என்று. கோயிலே சிரித்தது. அதற்குப் பத்து நிமிஷம் கழித்து அப்பாவும் நானும் தாமதமாக நுழைகிறோம், கடைசியில் அப்பா பெட்டிக்கு வலப்பக்கம் தோள் கொடுக்கிறார், இடப்பக்கம் தோள் கொடுப்பது யார் என்றால் நம்ம ஊர்ப் போலீஸ் ஹெரட்டி சார்ஜென்ட். இவ்வளவும் கோயிலின் இணையப் பக்கத்தில் இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது, மாவட்டத்தில் பாதிப் பேர் பார்த்தாயிற்று. கேமரா படத்தில் காரின் கூரைமேல் பெரிய எழுத்தில் கில்ஹூலி ஓட்டுநர் பள்ளி, பதறாமல் பழகுங்கள் என்று தெரிகிறதாம். இதை எல்லாம் நான் சாப்பாட்டு மேசையில் சொல்லிவிட்டேன், வீடியோவையும் போனில் போட்டுக் காட்டினேன். அப்போது போனது என் போன்.

அதோடு விட்டிருந்தால் நான் உன்னைத் தொந்தரவு செய்திருக்க மாட்டேன். நேற்று என்னைப் பள்ளிக்குக் கொண்டுவிடும்போது அப்பா காரை ஓரமாக நிறுத்தினார். யாராச்சும் வந்து கேட்டா, அண்ணன்தான் ஓட்டுச்சுன்னு சொல்லிடு செல்லம், அவ்வளவுதான், அதுக்கு ஏன் பேய் அறஞ்ச மாதிரி முழிக்கிற என்றார். அப்பாவுக்கு இது கூடச் செய்ய மாட்டியாடி என்று கேட்டார், அதில் அதட்டல் இல்லை, அதுதான் என்னை ரொம்பப் பயமுறுத்தியது. அப்படி அவர் கெஞ்சி நான் பார்த்ததே இல்லை. ஹெரட்டி சார்ஜென்ட் என் முன்னால் வந்து நின்றால் ஒரு வார்த்தை பேசுவதற்குள் நான் அழுதுவிடுவேன். வேகமாகப் போனதற்கு ஆறு மாதம், பொய் எழுதிக் கொடுத்தால் கோர்ட்டு, அப்புறம் அவர் மறுபடி யாருக்குமே கற்றுக்கொடுக்க முடியாது. இது அவருக்குத் தெரியாமல் இல்லை, தோற்றுப்போக வெட்கப்படுகிறார். அம்மாவும் சரி என்று தலையாட்டிவிட்டாள், உருளைக்கிழங்கைப் பார்த்துக்கொண்டே ஆட்டினாள்.

ஆகவே புத்தி சொல்கிறேன், என்னைவிடப் பெரியவன் என்று முறைக்காதே. வெயிலில் தொப்பி போடு, காய்கறி சாப்பிடு, அம்மாவை அடிக்கடி கூப்பிடு. அப்பா கேட்கும்போது விளையாட்டாக மழுப்பாமல், முடியாதுப்பா என்று தெளிவாகச் சொல். அவர் கோபப்பட்டால் படட்டும், அதன் பிறகு கொஞ்சம் பேசிக்கொண்டே இரு, உடனே வைத்துவிடாதே. நீ சரி என்று சொல்லிவிட்டால் இந்த வீட்டில் சரி சொல்லாதவள் நான் ஒருத்திதான் மிஞ்சுவேன், மூன்று பேருக்கு எதிராக ஒரு நாள்கூடத் தாங்க மாட்டேன், நானும் சொல்லிவிடுவேன்.

வீட்டுப் பெரியவர்கள் வேறு வேலையாக இருப்பதால் ஆசீர்வாதத்தையும் நானே எழுதிவிடுகிறேன். புனித பிரிஜித் உன்னை அந்தச் சுரங்கத்தில் பத்திரமாக வைத்திருக்கட்டும், முழுசாக வீடு கொண்டுவந்து சேர்க்கட்டும். மறக்காதே, அறைக்குள் நுழைந்ததும் முதலில் இதைப் படி, பிறகு போனை எடு. உனக்கு எப்படிடா தெரியும் என்று அப்பா கட்டாயம் கேட்பார். டெர்வ்லா எழுதினாள் என்று சொல்லிவிடு.

உன் தங்கை,
டெர்வ்லா கில்ஹூலி